சட்டாம்பிள்ளைக்குச் சம்பளம் உண்டா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு, அது உங்களுக்கே தெரியும். காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் என் தங்கை போன் செய்தாள். அவளுடைய பேத்தி அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு பி.ஏ. படிக்கிறாள். சினிமாவைப் பற்றிய படிப்பு. போன வருஷம் அவள் எடுத்துப் படித்த ஒரு பாடத்துக்கு இந்த வருஷம் அவளையே உதவி ஆசிரியையாக இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம். வாரம் ஒரு படம் திரையிடுவார்கள். பேராசிரியர் விரிவுரை நடத்துவார். அதற்குப் பிறகு பதினைந்து பேர் கொண்ட ஒரு சிறு குழுவை உட்காரவைத்து, பார்த்த படத்தைப் பற்றிப் பேசவைக்க வேண்டியது இவள் பொறுப்பு. அவர்கள் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கக் குறிப்புகளைப் படித்துத் திருத்தவும் வேண்டும். கடைசி மதிப்பெண் மட்டும் பேராசிரியர் கையில்.

தங்கைக்கு இது பிடிக்கவில்லை. "அண்ணே, நாம பணம் கட்டிப் படிக்க அனுப்பினா, அவ போயி அவங்களுக்கு வாத்தியார் வேலை பாக்கறா. ஏமாத்தறாங்களோ?" என்றாள். அன்றைக்கு ராத்திரியே பேத்தியும் பேசினாள். "தாத்தா, இது இங்க பெரிய கௌரவம். பாட்டிக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றாள்.

இரண்டு பேருக்கும் உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சரித்திரத்தைப் பார்ப்போம்.

படிக்கிற பிள்ளையே மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது அல்ல. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். வாத்தியார் ஒருவர்தான். பிள்ளைகளோ பல வயது. ஒருவன் மணலில் 'அ' எழுதிக்கொண்டிருப்பான், இன்னொருவன் எண்சுவடி மனப்பாடம் செய்துகொண்டிருப்பான், மூன்றாமவன் ஓலையில் எழுதும் அளவுக்கு வந்திருப்பான். ஒரே மனிதர் எல்லாருக்கும் எப்படிச் சொல்லித்தருவது? அதனால் முன்னே போனவன் பின்னே வருகிறவனுக்குச் சொல்லித்தந்தான். சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்வான், மற்றவர்கள் கூடவே சொல்வார்கள். இதற்கு முறை சொல்வது என்று பெயர். பாகூர்ப் பக்கத்தில் திண்ணைப் பள்ளியில் படித்த எங்கள் தாத்தா, எழுபது வயதிலும் தன் சட்டாம்பிள்ளை காதைத் திருகிய கதையைச் சொல்வார். வாத்தியாரைப் பற்றிச் சொன்னதைவிட அவனைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம்.

அந்தத் திண்ணையை நான் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அதில் ஏறி உட்கார முடியவில்லை. பெண் பிள்ளைகள் மிகக் குறைவு. பிரம்படியும் தாராளம். ஆனால் அங்கே நடந்த கணக்குப் பயிற்சியும் மனப்பாடப் பயிற்சியும் சாதாரணமானவை அல்ல. நம் ஊர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு இதைப் பற்றி ஆராய்ந்து 2022ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நிலம் அளந்தவர், கணக்கெழுதியவர், திண்ணையில் படித்த பிள்ளை ஆகியோரின் கணக்கை எல்லாம் அதில் பார்க்கலாம்.

வெளியூர்க்காரர்கள் இந்த முறையைப் பார்த்து வியந்ததும் பழைய கதைதான். 1623ல் இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே கர்நாடகத்தில் இக்கேரிக்கு வந்தார். ஒரு கோயில் தாழ்வாரத்தில் நான்கு சிறுவர்கள் தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, ராகம் போட்டுப் பாடிக்கொண்டே விரலால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வாத்தியார் இல்லை. "உங்களுக்குச் சந்தேகம் வந்தால் யார் தீர்ப்பார்கள்?" என்று அவர் கேட்டார். ஒரே சந்தேகம் ஒரே நேரத்தில் நாலு பேருக்கும் வராது, தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிவிடுவான் என்கிற பொருளில் பையன்கள் பதில் சொன்னார்களாம். நானூறு வருஷத்துக்கு முந்தைய பதில் இது. பேத்தியின் பல்கலைக்கழகம் இன்றைக்கு நம்புவதும் இதைத்தான்.

இந்தக் கதை கடல் தாண்டியது சென்னை எழும்பூரிலிருந்து. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787ல் சென்னைக்கு வந்தார். 1789ல் எழும்பூரில் ராணுவத்தினரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளிக்குத் தலைவரானார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பையன்கள் அங்கே இருந்தார்கள். ஒருநாள் அவர் வெளியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அந்தக் காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் மலபார் என்றே சொல்வார்கள் என்பதை நினைவில் வையுங்கள். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தப்பாக எழுதினால் கையால் தடவி அழித்துவிடலாம். பெல்லுக்கு இது பிடித்துப்போயிற்று. தன் பள்ளியின் உதவி ஆசிரியர்களிடம் இப்படிச் சொல்லித்தாருங்கள் என்றார். அவர்கள் முடியாது என்றார்கள். மணலில் எழுதச் சொல்லித்தருவது தங்கள் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

பெல் அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அவன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். பெரியவர்கள் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். அதைப் பார்த்த பெல், மற்ற வகுப்புகளுக்கும் பையன்களையே அமர்த்தினார். பிறகு பள்ளி முழுவதும் அப்படியே நடந்தது.

1796ல் பெல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1797ல் சென்னையில் செய்த சோதனையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அந்த முறைக்கு 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று பெயர் வந்தது. 1798ல் லண்டனில் ஒரு பள்ளி அதைப் பின்பற்றியது. அதே சமயம் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் இதே மாதிரி ஒரு பள்ளி நடத்தினார். ஒரே ஆசிரியரால் ஆயிரம் பிள்ளைகளுக்கு நடத்த முடியும் என்பது அவருடைய கணக்கு. யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரண்டு பேரின் ஆட்களுக்கும் பெரிய சச்சரவு. 1806ல் நியூயார்க்கில் இலவசப் பள்ளி தொடங்கியபோது லங்காஸ்டர் முறைதான் அங்கே போயிற்று. 1815க்குப் பிறகு பிரான்சிலும் இது பரவியது. 'பரஸ்பரக் கல்வி' என்று பெயர் வைத்தார்கள். 1817ல் பிரெஞ்சுக்காரர்கள் செனகலில் செயின்ட் லூயி நகரத்தில் திறந்த பள்ளியும் இந்த முறைப்படிதான்.

இதில் நம்மிடமிருந்து போனது எவ்வளவு? மணலில் எழுதுவதை நம்மவர்களைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டதாகப் பெல்லே ஒத்துக்கொண்டார். ஆனால் பையனே பையனுக்குச் சொல்லித்தரும் யோசனை, உதவி ஆசிரியர்கள் மறுத்ததால் தனக்கே உதித்தது என்றார். 1823ல் பெல்லாரி கலெக்டர் கேம்பெல் வேறு மாதிரி எழுதினார். சுதேசிப் பள்ளிகளில் முன்னேறிய மாணவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் முறையை மெச்சி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது பொருத்தமே என்றார். அப்போது கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொல்லியிருந்தார். 1826ல் அவர் தொகுத்த கணக்கில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு வாத்தியார் பள்ளிகள்தான். ஒரு வாத்தியார் பள்ளியில் சட்டாம்பிள்ளை இல்லாமல் காரியம் நடக்காது. பெல் மணலைப் பார்த்த கண்ணால் சட்டாம்பிள்ளையைப் பார்க்கவில்லை என்று நம்புவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இது என் ஊகம், அவ்வளவுதான்.

முக்கியமான விஷயம் ஒன்று. இந்த முறை மலிவு. அதனால்தான் இவ்வளவு வேகமாகப் பரவியது. பத்து ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒருவருக்குக் கொடுத்தால் போதும், மற்ற ஒன்பது பேரின் வேலையைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். பெல் எழும்பூர்ப் பள்ளியில் சம்பளம் வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் பல படைப்பிரிவுகளின் பாதிரியார் பதவிகளின் வருமானம் அவருக்கு வந்துகொண்டிருந்தது. 1832ல் இறந்தபோது பெரிய சொத்தை விட்டுச் சென்றார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே பெயர். ஸ்காட்லாந்தில் மெட்ராஸ் என்ற பெயர் நிற்கிறது. வகுப்பு நடத்திய பையன்களில் ஃபிரிஸ்கன் பெயர் புத்தகத்தில் இருப்பதால் நமக்குத் தெரிகிறது. மணலில் எழுதிக் காட்டிய நம் பிள்ளைகளில் ஒருவன் பெயர்கூட இல்லை.

இங்கிலாந்தே பிறகு இதைத் திருத்திக்கொண்டது. சிறு பிள்ளைகள் மனப்பாடம்தான் செய்விக்கிறார்கள், புரியவைப்பதில்லை என்று குறை வந்தது. 1846ல் புதிய ஏற்பாடு ஒன்று வந்தது. குறைந்தது பதின்மூன்று வயதான மாணவரை ஐந்து வருஷத்துக்கு மாணவ ஆசிரியராக எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வருஷம் பத்து பவுன், கடைசி வருஷம் இருபது பவுன் உதவித்தொகை. அவருக்குத் தலைமையாசிரியர் தனியாகப் பாடம் சொல்லித்தர வேண்டும். அப்படிச் சொல்லித்தருவதற்குத் தலைமையாசிரியருக்கும் தனிப் பணம். முடித்தவர்கள் பயிற்சிக் கல்லூரிக்குப் போட்டியிட வழி. வேலை வாங்கினால் கூலி, கூலியோடு கல்வி, கல்விக்குப் பிறகு ஒரு பாதை என்று மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்த மூன்றையும் மனதில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இனி சினிமாவுக்கு வருவோம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1929ல் சினிமாப் பாடம் தொடங்கியது. 1932ல் சினிமாவுக்கு என்றே இளங்கலைப் பட்டம் கொடுத்தார்கள். அங்கே சேர்ந்து படித்த இரண்டு பேர் மாணிக் லால் டாண்டனும் எல்லிஸ் ஆர். டங்கனும். வகுப்புத் தோழன் டாண்டன் கூப்பிட்டு டங்கன் இந்தியா வந்தார். 1935ல் கே.பி. சுந்தராம்பாள் நடித்த 'நந்தனார்' படத்தை டாண்டன் எடுத்தபோது டங்கன் துணை நின்றார். மறு வருஷமே 'சதி லீலாவதி'யை அவரே இயக்கினார். எம்.ஜி.ஆர். முதன்முதலாக நடித்த படம் அது. தமிழ் தெரியாத மனிதர், சுற்றியிருந்த உதவியாளர்களை நம்பி ஒன்றல்ல, பல தமிழ்ப் படங்கள் எடுத்தார்.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1950ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக டங்கன் இயக்கிய 'பொன்முடி', நம் பாவேந்தர் பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்திலிருந்து எடுத்தது. பெருமாள் கோயில் தெருவில் வாழ்ந்த அந்தக் கவிஞர் 37 வருஷம் தமிழாசிரியர் வேலை பார்த்தவர். ஒரு புதுச்சேரி வாத்தியாரும் கலிபோர்னியாவில் சினிமா படித்த ஒரு மாணவரும் ஒரு படத்தில் சந்தித்தார்கள் என்று வகுப்பில் நான் சொன்னதும் நீங்கள் கைதட்டியதும் ஞாபகம் இருக்கிறது.

சினிமாவைப் பார்க்கக் கற்றுத்தருவது இந்தியாவில் பிறகுதான் வந்தது. 1955 வாக்கில் மேரி சீட்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இங்கே வந்து சினிமா ரசனை பற்றி ஊர் ஊராகப் பேசினார். பின்னாளில் சத்யஜித் ராயின் வாழ்க்கையை எழுதியவர் அவர்தான். 1959ல் ராய் தலைமையில் ஃபிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்பு உருவானது. 1960ல் புனேயில் பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் திரைப்படக் கல்லூரி. ஆக்ராவில் பொருளாதாரம் நடத்திக்கொண்டே ஃபிலிம் சொசைட்டி நடத்திய சதீஷ் பகதூர், 1963ல் அங்கே சினிமா ரசனைப் பேராசிரியரானார். 1964ல் பி.கே. நாயர் உழைப்பில் வளர்ந்த ஆவணக் காப்பகம். ஒரே படத்தைக் காட்சி காட்சியாக நிறுத்திப் பேசும் வழக்கம் பகதூரிடமிருந்து பரவியது. 'பதேர் பாஞ்சாலி'யை அவர் அப்படி எத்தனையோ ஊர்களில் நடத்தினார்.

அந்த அலையில் நனைந்தவர்களில் நானும் ஒருவன். எண்பதுகளில் நான் வேலை பார்த்த கல்லூரியில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு திரைப்பட ரசனை வகுப்பு நடத்தினேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். தப்பு என்னுடையது, கல்லூரியுடையது அல்ல. மதிப்பெண் இல்லாத வகுப்பு. ஆனாலும் நாற்பது, ஐம்பது பேர் வருவார்கள். உங்களில் பலர் அதில் இருந்தீர்கள்.

அந்த வகுப்பை நடத்தியவன் நான் என்றுதான் எல்லாரும் சொல்கிறீர்கள். முக்கால்வாசி நடத்தியது ஒரு மாணவன். வில்லியனூரிலிருந்து சைக்கிளில் வருவான். முதல் வருஷம் மாணவனாக உட்கார்ந்து பார்த்தான். இரண்டாம் வருஷம் புரொஜெக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டான். மூன்றாம் வருஷம் எல்லாமே அவன்தான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர் வைத்ததும் நான்தான்.

அன்றைக்குப் படம் என்பது பென் டிரைவில் வருவதல்ல. 16 எம்.எம். பிரதி, தகரப் பெட்டியில் வரும். சென்னையில் ஒரு ஃபிலிம் சொசைட்டி காட்டி முடித்ததும் யாராவது போய் வாங்கிவர வேண்டும். அவன் விடியற்காலை பஸ் ஏறி, திண்டிவனம் வழியாகச் சென்னை போய், சாயங்காலத்துக்குள் பெட்டியோடு வந்துவிடுவான். மறுநாளோ அதற்கு மறுநாளோ திருப்பிக் கொடுக்க இன்னொரு நடை. 1,600 அடி ரீல் ஒன்று ஏறக்குறைய 44 நிமிஷம் ஓடும். இரண்டு மணி நேரப் படத்துக்கு மூன்று ரீல். எங்களிடம் ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்ற ஐந்து நிமிஷம் விளக்கைப் போட்டாக வேண்டும். நடுவில் பிலிம் அறுந்தால் ஒட்டுவதற்கு இன்னும் ஐந்து நிமிஷம்.

உண்மையான வகுப்பு அந்த ஐந்து நிமிஷங்களில்தான் நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ரீலை மாட்டிக்கொண்டே அவன் கேட்பான், "இப்ப என்ன பாத்தீங்க?" நான் கேட்டால் எல்லாரும் கரும்பலகையைப் பார்ப்பீர்கள். அவன் கேட்டால் பதில் வரும். 'பதேர் பாஞ்சாலி' போட்ட அன்றைக்கு, வெளியூரிலிருந்து திரும்பி வரும் அப்பா மகளுக்கு வாங்கிவந்த புடவையை எடுத்துக் காட்டுகிறார். மகள் இறந்துபோனது அவருக்குத் தெரியாது. தாய் உடைந்து அழுகிறாள். படம் முடிந்ததும் அவன், "அந்த அம்மா அழறது நமக்குக் கேட்டுச்சா?" என்றான். எல்லாரும் கேட்டது என்றார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் மெதுவாக, "இல்ல, வாத்தியம்தான் கேட்டுச்சு" என்றாள். மறுபடி அந்த இடத்துக்குப் பிலிமைச் சுற்றி ஓட்டினான். அழுகுரல் இல்லை, அந்த இடத்தில் வாத்திய இசைதான் இருந்தது. அந்த அறையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் ஒரு மணி நேரம் விரிவுரை நடத்தியிருந்தாலும் அது நடந்திருக்காது. போன வருஷம் அவனும் அழுகை கேட்டது என்று சொன்னவன்தான். எங்கே தவறுவோம் என்று அவனுக்குத் தெரியும். எனக்கு அது மறந்துபோயிருந்தது.

சினிமா வகுப்புக்கு மேல் வகுப்பு மாணவர் துணை ஏன் பொருத்தம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். படத்தில் பதில் ஒன்றுதான் என்று கிடையாது. பார்த்ததைச் சொல்ல முதலில் கூச்சம் போக வேண்டும். வாத்தியார் முன்னால் போகாத கூச்சம் ஒரு வயது மூத்த பிள்ளை முன்னால் போய்விடும்.

இனி சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன். சென்னைக்குப் போய்வந்த நாட்களுக்கெல்லாம் அவனுக்கு வருகைப்பதிவு போய்க்கொண்டிருந்தது. கல்லூரி வேலையாகப் போனான் என்று நான் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், அந்த நாட்கள் கணக்கில் வந்துவிடும். அவன் மூன்று முறை கேட்டான். "சார், அந்த ஓ.டி. லெட்டர்..." "தர்றேன்பா, அப்புறம் ஞாபகப்படுத்து" என்றேன். மூன்றாவது முறைக்குப் பிறகு அவன் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன். மார்ச்சில் பட்டியல் ஒட்டியபோது வருகை குறைந்தவர்களில் அவன் பெயர் இருந்தது. ஓடிப்போய்க் கடிதம் கொடுத்தேன். தேதி கடந்துவிட்டது. அந்த வருஷம் பரீட்சை எழுத முடியவில்லை. டிகிரி ஒரு வருஷம் தள்ளிப்போனது. அவன் சம்பாத்தியத்தை நம்பித் தங்கை கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷக் கல்லூரி மலரில் திரைப்பட ரசனை வகுப்பு பற்றி ஒரு பக்கம் வந்தது. என் போட்டோ, என் பெயர், என் சீரிய முயற்சி. அவன் பெயர் எங்கும் இல்லை. அந்தக் கட்டுரையை எழுதியவனும் நான்தான். பெல் துரையை நான் எந்த வாயால் குறை சொல்வது?

தங்கை போன் செய்த மறுநாள் அவனைத் தேடிப்பிடித்துப் பேசினேன். இப்போது அவன் ஓய்வு பெற்ற அரசு ஊழியர், தாத்தா. என் தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "ஒரு வருஷம் போனது கஷ்டந்தான் சார். அப்பா ஆறு மாசம் எங்கிட்ட பேசல. ஆனா அதுகூடப் பரவால்ல. மலர்ல என் பேரத் தேடிப் பாத்தேன் சார். முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்தேன்."

இப்போதாவது உன் பெயரைப் போட்டு எழுதட்டுமா என்றேன். "வேணாம் சார், பேரப்பசங்க கிண்டல் பண்ணுவாங்க. விஷயத்த மட்டும் எழுதுங்க" என்றான். அதனால் விஷயத்தை மட்டும் எழுதினேன்.

பேத்திக்கும் தங்கைக்கும் இப்போது என்னால் பதில் சொல்ல முடியும்.

தங்கச்சி, இது ஏமாற்று இல்லை. சொல்லிக் கொடுக்கிறவள்தான் இரண்டு மடங்கு படிப்பாள். அவளைத் தேர்ந்தெடுத்தது அவள் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த மரியாதைதான். ஆனால் உன் சந்தேகமும் தப்பில்லை. மரியாதை என்ற பெயரில் இலவசமாக வேலை வாங்குவது இருநூறு வருஷப் பழக்கம். அமெரிக்காவிலேயே இந்த வழக்கு நடந்திருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2016ல் அந்த நாட்டின் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் ஒரு தீர்ப்பு சொன்னது. தனியார் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்த உதவும் மாணவர்கள், இளங்கலை மாணவர்கள் உட்பட, ஊழியர்களும்தான், சங்கம் அமைக்கலாம் என்றது. மாணவர் என்பதால் அவர் செய்வது வேலை இல்லை என்று ஆகிவிடாது என்பது அதன் சாரம்.

நம் நாட்டில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்களோடு நிற்கிறது. முனைவர் பட்ட மாணவருக்கு வாரம் நாலு முதல் ஆறு மணி நேரம் பாட உதவி வேலை தரலாம் என்று யு.ஜி.சி.யின் 2022 விதி சொல்கிறது. சில ஐ.ஐ.டி.களில் முதலாண்டுப் பாடங்களுக்கு மேல் வகுப்பு பி.டெக். மாணவர்களையே உதவியாளர்களாக வைக்கிறார்கள். சாதாரணக் கலைக் கல்லூரிகளில் சட்டாம்பிள்ளைகள் இல்லாமல் இல்லை. லேப் நோட்டு சேகரிப்பது, வகுப்பை அடக்குவது, விழா நடத்துவது எல்லாம் அவர்கள்தான். காகிதத்தில் மட்டும் இருக்கமாட்டார்கள். நம் கல்லூரிகளில் இன்றைக்குப் பணியில் இருக்கும் என் பழைய மாணவர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பேத்தி, நீ ஒப்புக்கொள். ஒப்புக்கொள்வதற்கு முன் மூன்று விஷயம் கேள். 1846ல் கொடுத்தார்கள் என்று சொன்னேனே, அதே மூன்றுதான். சம்பளமோ பாடக் கணக்கில் மதிப்போ, ஏதாவது ஒன்று எழுத்தில் இருக்கிறதா? வாரம் எத்தனை மணி நேரம் என்று வரம்பு உண்டா, உன் சொந்தப் படிப்பு கெடாமல் பேராசிரியர் உன்னோடு உட்கார்ந்து சொல்லித்தருவாரா? முடிந்ததும் நீ இந்த வேலை செய்தாய் என்று சொல்லும் கடிதம் கிடைக்குமா? இவற்றோடு நான்காவதாக ஒன்று, என் சட்டாம்பிள்ளை சொல்லிக் கொடுத்தது: பாடத்திட்டத் தாளில் பேராசிரியர் பெயருக்குக் கீழே உன் பெயர் அச்சாகுமா? கேட்பதில் வெட்கம் இல்லை. மூன்று முறை கேட்டும் கிடைக்காவிட்டால் நான்காவது முறையும் கேள்.

குழுவை நடத்தும்போது எல்லாம் தெரிந்தவள் மாதிரி நடக்காதே. போன வருஷம் நீ எங்கே தடுமாறினாய் என்று ஞாபகம் வைத்துக்கொள். உன்னிடம் இருக்கும் பெரிய சரக்கு அதுதான், பேராசிரியரிடம் அது இருக்காது. கடைசி வரிசையில் மெதுவாகப் பேசுகிற பெண்ணைக் கவனி.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்னிடம் படித்தபோது புரொஜெக்டர் தூக்கியவர்கள், நோட்டு திருத்த உதவியவர்கள், எனக்குத் தொண்டை கட்டிய நாட்களில் வகுப்பு எடுத்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். அந்தக் கடிதங்களால் இப்போது யாருக்கும் வேலை கிடைக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் யாருக்காவது நான் கடிதம் பாக்கி வைத்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். கை கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்து முன்னைப்போல் இருக்காது. ஆனால் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்
புதுச்சேரி